புகைக்குள் வேலை பார்க்கிறவர்கள்

தனியார் நடத்துகிற பாரிலும் ஓட்டலிலும் புகைபிடிக்கக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போடலாமா? போடலாம், போட வேண்டும், போட்ட உத்தரவை நடத்தியும் காட்ட வேண்டும் என்பது என் கட்சி. திருச்சிப் பக்கம் டாஸ்மாக் பார் ஒன்றை ஏலம் எடுத்து நடத்துகிற என் பள்ளிக்கூட நண்பனோடு ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கும் வாக்குவாதம் இது. அவன் நல்லவன், வேலைக்காரர்களுக்குச் சம்பளம் தேதி தவறாமல் கொடுக்கிறவன். அவன் பேச்சில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. அதனால் அவன் சொல்வதை முதலில் அப்படியே வைத்துவிடுகிறேன்.

"மாப்ள, இடத்துக்கு வாடகை நான் குடுக்குறேன். ஏலத் தொகை நான் கட்டுறேன். கரன்ட் பில் நான் கட்டுறேன். உள்ள வர்றவன் எவனும் பச்சப்புள்ள இல்ல. தண்ணியும் தம்மும் ஒண்ணாத்தான் போகும்னு தெரிஞ்சுதான் வர்றான். பிடிக்கலைன்னா வராம இருக்கட்டும். இதுல கவர்மென்ட்டுக்கு என்ன வந்துச்சு?"

டப்ளினிலும் நியூயார்க்கிலும் மாட்ரிட்டிலும் பார் முதலாளிகள் கேட்ட கேள்வியும் இதுதான். சொத்து என்னுடையது, வருகிறவன் வயது வந்தவன், இருவரும் சம்மதித்து நடக்கிற காரியத்தில் மூன்றாமவன் ஏன் தலையிட வேண்டும்?

இந்த வாதத்தில் இரண்டே பேர்தான் இருக்கிறார்கள், கவனித்தீர்களா? பார் எடுத்தவன், குடிக்க வருகிறவன். தட்டையும் டம்ளரையும் தூக்கிக்கொண்டு இவர்களுக்கு நடுவே ஓடுகிற சப்ளையர் கணக்கிலேயே வரவில்லை. என் வழக்கு முழுக்க அந்தச் சப்ளையருக்காகத்தான்.

என் நண்பனின் பார் போல ஒன்று தமிழ்நாட்டில் உங்கள் ஊரிலும் இருக்கும். மூன்று பக்கம் செங்கல் சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு பக்கம் தகர ஷட்டர். ஃபேன்கள் ஓடும். அவை புகையை வெளியே தள்ளுவதில்லை, ஒரு மேசைப் புகையை அடுத்த மேசைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். இரவு ஏழு மணிக்கு மேல் உள்ளே நுழைந்தால் டியூப் லைட்டைச் சுற்றி நீலமாக ஒரு படலம் தெரியும். ஆஷ்ட்ரே கிடையாது. தண்ணீர் பாட்டிலைப் பாதியாக அறுத்து, அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மேசைக்கு ஒன்று வைத்திருப்பார்கள். அதில்கூடப் போடாமல், தின்று முடித்த மீன் வறுவல் தட்டிலேயே சிகரெட் துண்டை நசுக்குகிறவர்கள்தான் அதிகம். அதைக் கையால் பொறுக்கிப் போட்டுவிட்டுத் தட்டைக் கழுவுவது சப்ளையர் வேலை.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த பையன் ஒருவன் அங்கே இருக்கிறான். பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. பகல் 12 மணிக்குக் கடை திறந்ததிலிருந்து இரவு 10 மணிக்குச் சாத்தி, கூட்டிப் பெருக்கி, நாற்காலிகளை அடுக்கி முடிக்கும்வரை உள்ளேதான். ஒருநாள் கூட்டம் குறைவாக இருந்தபோது பேச்சு கொடுத்தேன். "ஊருக்குப் போனா அம்மா வாசல்லயே நிப்பாட்டி சட்டையக் கழட்டச் சொல்லும்ணே. நீ குடிக்கலைங்கிற, தலைமுடியெல்லாம் இப்படி நாறுதேன்னு திட்டும். நான் என்னத்தைச் சொல்ல?" என்றான். காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் இருமித் தீர்த்தால்தான் அவனுக்குத் தொண்டை திறக்கிறது. அவனுக்கு வயது 22.

இப்போது என் நண்பனின் கேள்விக்கு வருவோம். குடிக்க வருகிறவன் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறான். இந்தப் பையன் பத்து மணி நேரம் இருக்கிறான். புகைபிடிப்பவர் உள்ளே இழுத்து விடுகிற புகையைவிட, சிகரெட் நுனியில் சும்மா கனிந்துகொண்டிருக்கும்போது கிளம்புகிற புகைக்கு நச்சு அதிகம். பார் போன்ற அடைத்த இடத்தில் மிதப்பதில் பெரும்பகுதி அந்தப் புகைதான். பிறர் விட்ட புகையைச் சுவாசிப்பது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002இல் தீர்மானித்தது. புகைபிடிக்காதவருக்கு, வீட்டிலோ வேலையிடத்திலோ பிறர் புகை பட்டால், இதய நோய் வரும் அபாயம் 25 முதல் 30 சதவீதம் கூடுகிறது, நுரையீரல் புற்றுநோய் அபாயம் 20 முதல் 30 சதவீதம் கூடுகிறது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006 அறிக்கை சொன்னது. இந்த அளவுவரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு ஒன்று கிடையாது என்பதும் அதே அறிக்கையின் முடிவு.

கனடாவின் ஒட்டாவா நகரில் ஹீதர் குரோ என்று ஒரு பெண்மணி இருந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் ஓட்டல்களில் பரிமாறும் வேலை பார்த்தவர். வாழ்நாளில் ஒரு சிகரெட் பிடித்ததில்லை. 2002இல் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. வாடிக்கையாளர்கள் விட்ட புகைதான் காரணம், எனவே இது வேலையால் வந்த நோய் என்று ஒன்டாரியோ மாகாணத்தின் தொழிலாளர் இழப்பீட்டு வாரியம் ஒப்புக்கொண்டது. புகையால் சாகிற கடைசித் தொழிலாளி நானாக இருக்க வேண்டும் என்ற கோரிக்கையோடு அவர் தொலைக்காட்சி விளம்பரத்தில் வந்து பேசினார், ஊர் ஊராகப் போனார், அமைச்சர்களைப் பார்த்தார். ஒன்டாரியோவில் பார்களையும் ஓட்டல்களையும் முழுமையாகப் புகையற்றதாக்கிய சட்டம் 2006 மே 31ஆம் தேதி அமலுக்கு வந்தது. அவர் மே 22ஆம் தேதியே இறந்துவிட்டார்.

ஹீதர் குரோவைப் பற்றி நண்பனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிடா, ஆனா யாரும் அவன் கையக் கட்டி இழுத்துட்டு வரலையே? தெரிஞ்சுதான வேலைக்கு வந்தான்?" என்றான்.

இதைத்தான் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். தெரிந்துதான் வந்தான் என்ற ஒரு வார்த்தையை ஏற்றுக்கொண்டால் தொழிலாளர் சட்டம் எதுவுமே நிற்காது. சாரத்தில் ஏறுகிற கொத்தனாரும் தெரிந்துதான் ஏறுகிறார். பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துகிறவரும் தெரிந்துதான் உட்காருகிறார். வேறு வேலை கிடைத்தால் இருவரும் அங்கே இருக்க மாட்டார்கள். துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் காலை முதல் இரவுவரை நின்றே வேலை பார்த்த பெண்களை நினைத்துப் பாருங்கள். கால் வீங்கி, நரம்பு சுருட்டிக்கொண்டு, கழிப்பறைக்குப் போகும்போது மட்டும் உட்கார்ந்தவர்கள். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை போட்டே ஆக வேண்டும் என்றது. கடை தனியாருடையதுதான். நாற்காலிக்கான செலவும் தனியாருடையதுதான். நிற்கப் பிடிக்கவில்லை என்றால் வேலைக்கு வராமல் இருக்கட்டும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நமக்குக் கோபம் வந்திருக்கும். உட்கார நாற்காலி கேட்பது நியாயம் என்றால், மூச்சு விடக் காற்று கேட்பது எப்படி அதிகப்பிரசங்கித்தனம் ஆகும்?

தனியார் சொத்து என்ற வாதமும் நம் ஊரில் வேறு எங்கேயும் இவ்வளவு நீளம் போவதில்லை. ஓட்டல் தனியாருடையது என்பதற்காக, ஊசிப்போன கறியைப் போடுவேன், இஷ்டம் இருக்கிறவன் சாப்பிடட்டும் என்று யாரும் போர்டு மாட்ட முடியாது. சமையலறையில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி நுழைகிறார், கேஸ் சிலிண்டருக்குத் தீயணைப்புத் துறை விதி சொல்கிறது. டாஸ்மாக் பார் விஷயத்தில் இந்த வாதம் இன்னும் மெலிசு. டெண்டரில் என் நண்பன் எடுப்பதே, அரசாங்கக் கடையை ஒட்டிய இடத்தில் தின்பண்டம் விற்கிற உரிமையையும் காலி பாட்டில் சேகரிக்கிற உரிமையையும்தான். எப்போது திறப்பது, எப்போது மூடுவது, எந்தெந்த நாள் விடுமுறை, யாருக்கு விற்கக் கூடாது என்பதையெல்லாம் அரசாங்கத்திடம் கேட்டுக்கொள்கிறவன், புகை விஷயத்தில் மட்டும் என் இடம் என்கிறான்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. இந்தத் தடை புதிதாக வர வேண்டியது இல்லை. ஏற்கனவே இருக்கிறது.

1999 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகைபிடிப்பது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தருகிற உயிர் வாழும் உரிமைக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. 2001 நவம்பரில் முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பேருந்து, ரயில் என்று ஒரு பட்டியல் போட்டு அங்கெல்லாம் தடை விதிக்கச் சொன்னது. அந்தப் பட்டியலில் ஓட்டலும் பாரும் இல்லை. தமிழ்நாடு 2002இல் புகைபிடிப்பதற்கும் எச்சில் துப்புவதற்கும் எதிராகத் தனியாகச் சட்டமே செய்தது. 2003இல் மத்திய அரசின் புகையிலைச் சட்டம் வந்தது. கோட்பா என்று சொல்வார்களே, அது. அதில் பொது இடம் என்பதற்குக் கொடுத்த விளக்கம்தான் முக்கியம். உரிமையோடு நுழைகிற இடமோ இல்லையோ, பொதுமக்கள் வந்து போகிற இடமாக இருந்தால் போதும், அது பொது இடம். உணவகங்களின் பெயரை அந்த விளக்கத்திலேயே எழுதிவிட்டார்கள். இடம் யாருடைய பெயரில் இருக்கிறது என்ற கேள்வியைச் சட்டம் அங்கேயே தாண்டிவிட்டது.

அந்தச் சட்டத்துக்கு உண்மையில் பல் முளைத்தது, அதன் கீழ் புது விதிகள் அமலுக்கு வந்த 2008 அக்டோபர் 2ஆம் தேதி. அப்போது அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சர். அவருடைய அரசியலில் எனக்கு உடன்பாடில்லாத விஷயங்கள் உண்டு, ஆனால் இந்த ஒரு காரியத்துக்காக அவருக்கு எப்போதும் மரியாதை வைத்திருக்கிறேன். பெரிய ஓட்டல்களும் சிகரெட் கம்பெனியும் நீதிமன்றத்துக்குப் போயும், விதிகளை நிறுத்திவைக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஓட்டல், பார், அலுவலகம், திரையரங்கு எல்லாம் அந்த விதிகளுக்குள் வந்தன. 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில், இங்கே புகைபிடிப்பது குற்றம் என்று பலகை வைக்க வேண்டும். ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் எதையும் கொடுக்கக் கூடாது. மீறிப் புகைபிடித்தால் 200 ரூபாய்வரை அபராதம். கண்டுகொள்ளாமல் விட்ட உரிமையாளருக்கு, எத்தனை பேர் புகைபிடித்தார்களோ அத்தனை அபராதம். தலைமை ஆசிரியர், போஸ்ட் மாஸ்டர், ஸ்டேஷன் மாஸ்டர் என்று அவரவர் இடத்தில் அபராதம் போடுகிற அதிகாரத்தைப் பல பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

பலன் இல்லாமல் போகவில்லை. 1990களில் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், முன் சீட்டில் ஒருவர் பீடி பற்றவைத்தால் பின் சீட்டுவரை அனுபவிக்க வேண்டும். இன்றைக்கு பஸ்ஸில் யாராவது பற்றவைத்தால் கண்டக்டருக்கு முன்னால் பயணிகளே சத்தம் போடுவார்கள். சாப்பாட்டு ஓட்டல்களிலும் பெரும்பாலும் நின்றுவிட்டது. சாம்பார் வாளியோடு வருகிறவர் புகையைக் கடந்து வர வேண்டியதில்லை. டீக்கடைத் திண்ணை திறந்தவெளி, அங்கே கயிற்று நெருப்பில் பற்றவைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை.

நிற்காத இடம் பார்தான். அதிலும் ஏசி போட்ட பெரிய ஓட்டல் பார்களில் ஓரளவு கட்டுப்பாடு இருக்கிறது. கூரைக் கொட்டகை பாரில் சுத்தமாக இல்லை. அதாவது, சம்பளம் குறைவான, சங்கம் இல்லாத, கேட்க நாதி இல்லாத சப்ளையர் எங்கே நிற்கிறாரோ அங்கே மட்டும் சட்டம் நுழையவில்லை. 2016–17இல் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கட்டடத்துக்குள் வேலை பார்க்கிற பெரியவர்களில் 30.2 சதவீதம் பேர் வேலையிடத்தில் பிறர் புகையைச் சுவாசிக்கிறார்கள். பாரை மட்டும் தனியாகக் கணக்கெடுத்தால் அந்த எண் எங்கே போய் நிற்கும் என்று நானே ஊகித்துக்கொள்கிறேன்.

சட்டத்திலேயே ஒரு ஓட்டையும் இருக்கிறது. 30 பேராவது அமரக்கூடிய உணவகமும் 30 அறைகளாவது உள்ள ஓட்டலும் புகைபிடிக்கத் தனி இடம் ஒதுக்கிக்கொள்ளலாம். நான்கு பக்கமும் கூரைவரை சுவர், தானாக மூடிக்கொள்ளும் கதவு, புகையை நேராக வெளியே இழுத்துவிடும் இயந்திரம் எல்லாம் இருக்க வேண்டும் என்று விதி. 2017இல் செய்த திருத்தத்தின்படி அந்த அறைக்குள் எதையும் பரிமாறவும் கூடாது. காகிதத்தில் சரிதான். அந்த அறையைக் கூட்டுவது யார், சாம்பல் கிண்ணத்தைக் கொட்டுவது யார் என்று கேட்டால் பதில் மறுபடியும் சப்ளையரிடம்தான் வந்து நிற்கும். நல்ல எக்ஸாஸ்ட் போட்டால் போதும் என்று சொல்கிறவர்களுக்கு, அந்தத் தொழிலிலேயே இருக்கிற அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கம் 2005இல் பதில் சொல்லிவிட்டது. காற்றோட்ட இயந்திரம் எதனாலும் இந்த அபாயத்தைப் போக்க முடியாது, கட்டடத்துக்குள் புகைபிடிப்பதை நிறுத்துவது ஒன்றுதான் வழி என்றது. இயந்திரம் விற்றுப் பிழைக்கிற துறையைச் சேர்ந்தவர்களே இப்படிச் சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்த 30 இருக்கைக் கோடு இன்னொரு அநியாயமும் செய்கிறது. பெரிய ஓட்டல்காரன் கண்ணாடி அறை கட்டிக்கொள்வான், சின்னக் கடைக்காரன் கட்ட முடியாது. ஜெர்மனியில் இதே சிக்கல் நீதிமன்றம்வரை போனது. பெரிய மதுக்கடைகள் தனி அறையில் புகைபிடிக்க அனுமதிக்கலாம் என்று சில மாநிலங்கள் சட்டம் செய்தபோது, ஒரே அறை வைத்திருந்த சின்னக் கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2008 ஜூலையில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், யாருக்கும் விலக்கு இல்லாமல் முழுத் தடை கொண்டுவந்தால் அது செல்லும் என்றும் சொன்னது. இரண்டு வருஷம் கழித்து பவேரியா மாநிலத்தில் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். பீருக்குப் பேர்போன அந்த மாநிலத்தில் 61 சதவீதம் பேர் முழுத் தடைக்கு ஓட்டுப் போட்டார்கள்.

உரிமையாளரின் விருப்பத்துக்கு விட்டுவிடலாமே, புகை வேண்டும் என்கிறவன் ஒரு பார் நடத்தட்டும், வேண்டாம் என்கிறவன் ஒரு பார் நடத்தட்டும் என்று படித்தவர்கள் பலரும் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஸ்பெயின் இதைச் செய்தே பார்த்தது. 2006இல் கொண்டுவந்த சட்டத்தில், 100 சதுர மீட்டருக்குக் குறைவான பார்கள் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டார்கள். அந்த பார்களில் மிகப் பெரும்பாலானவை புகைக்கே கதவைத் திறந்தன. புகையற்ற பார் என்ற தேர்வு வாடிக்கையாளருக்கும் கிடைக்கவில்லை, வேலை தேடுகிறவருக்கும் கிடைக்கவில்லை. ஐந்து வருஷம் பார்த்துவிட்டு 2011 ஜனவரி 2ஆம் தேதி முழுத் தடை கொண்டுவந்தார்கள்.

ஏன் அப்படி ஆயிற்று என்பதற்கு விளக்கம் என் நண்பன் வாயிலிருந்தே வந்தது. "நான் மட்டும் நிறுத்துனா என் கூட்டம் பூராவும் பைபாஸ்ல இருக்குற அடுத்த பாருக்குப் போயிரும். எல்லாருக்கும் ஒரே நாள்ல கண்டிஷன் போட்டா நானும் நிறுத்திருவேன்டா. எனக்கு மட்டும் இந்தப் புகை பிடிச்சா கிடக்கு?" என்றான். அவனும் கல்லாவில் உட்கார்ந்து அதே புகையைத்தான் குடிக்கிறான். எந்த ஒரு முதலாளியும் தனியாக நிறுத்த முடியாது, எல்லோரும் சேர்ந்தால் நிறுத்தலாம். அந்தச் சேர்ந்து என்பதை அரசாங்கத்தைத் தவிர வேறு யார் செய்ய முடியும்? அவன் முதலில் கேட்ட, இதில் கவர்மென்ட்டுக்கு என்ன வந்தது என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம் உண்மையானது, ஆனால் நடந்தது வேறு. நியூயார்க் நகரம் 2003இல் பார்களில் தடை போட்டது. அடுத்த வருஷம் கணக்குப் பார்த்தபோது ஓட்டல்களும் பார்களும் கட்டிய வரி 8.7 சதவீதம் கூடியிருந்தது. தடையால்தான் கூடியது என்று நான் சொல்ல வரவில்லை. படுத்துவிடவில்லை என்பது போதும்.

அயர்லாந்து கதை இதைவிடப் பெரிது. மதுக்கடையும் புகையும் இல்லாமல் அங்கே சமூக வாழ்க்கையே இல்லை என்று பேசிக்கொண்டிருந்த நாடு. சுகாதார அமைச்சராக இருந்த மீஹால் மார்ட்டின் 2004 மார்ச் 29ஆம் தேதி தடையைக் கொண்டுவந்தார். நாடு முழுவதும் வேலையிடங்களில் புகையைத் தடை செய்த முதல் நாடு அதுதான். அவர் இதை ஒழுக்கப் பிரச்சினையாகவோ வாடிக்கையாளர் பிரச்சினையாகவோ பேசவில்லை. பார் என்பது ஒருவர் வேலை பார்க்கிற இடம், வேலையிடம் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்ற ஒரே வரியில் நின்றார். யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொன்னார்கள், முதல் வருஷத்திலேயே 90 சதவீதத்துக்கு மேல் கடைகள் கடைப்பிடித்தன. டப்ளினில் 42 மதுக்கடைகளின் காற்றை முன்னும் பின்னும் அளந்தார்கள். மிக நுண்ணிய தூசு 83 சதவீதம் குறைந்திருந்தது. புகைபிடிக்காத பார் ஊழியர்களின் எச்சிலைச் சோதித்ததில் நிகோடின் தடயம் 80 சதவீதம் குறைந்திருந்தது. கலிஃபோர்னியாவில் 1998இல் தடை வந்தபோது சான் பிரான்சிஸ்கோவில் 53 பார் ஊழியர்களைப் பரிசோதித்திருக்கிறார்கள். தடைக்கு முன் 39 பேருக்கு இருமல், இளைப்பு போன்ற தொந்தரவு இருந்தது. தடைக்குப் பின் சோதித்தபோது அவர்களில் 23 பேருக்கு அது இல்லவே இல்லை. சில வாரங்களுக்குள் நடந்தது இது. மருந்து இல்லை, மாத்திரை இல்லை, காற்று மட்டும் மாறியது. சிவகங்கைப் பையனின் காலை இருமல் ஞாபகம் வராமல் என்னால் இந்த எண்ணைப் படிக்க முடிவதில்லை.

புகைபிடிக்கிறவர்கள் மேல் எனக்கு விரோதம் இல்லை. என் நெருங்கிய நண்பர்கள் பாதிப்பேர் பிடிக்கிறவர்கள். விட முயன்று முடியாமல் தவிப்பவர்களும் அவர்களில் உண்டு. வெளியே வந்து, திறந்தவெளியில், பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தில் பிடித்துவிட்டுப் போங்கள் என்பதற்கு மேல் நான் கேட்கவில்லை. மழையில் நனைய வேண்டியிருக்கிறதே என்றால், நனையத்தான் வேண்டும். ஊழியரே இல்லாமல் நாலு நண்பர்கள் சேர்ந்து தங்களுக்குத் தாங்களே பரிமாறிக்கொள்கிற இடம் ஒன்று இருந்தால் அங்கே போய்ச் சட்டம் பேச மாட்டேன். அப்படி ஒரு பாரை நான் பார்த்ததில்லை.

நம் மாநிலத்தில் இதைச் செய்வது கஷ்டமே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். 2023 ஜூனில் 500 கடைகளை மூடிய பிறகும் டாஸ்மாக்குக்கு 4,829 கடைகள் இருந்தன. கடையை ஒட்டிய பார்கள் எல்லாவற்றுக்கும் டெண்டர் விடுவது ஒரே நிறுவனம், அதுவும் அரசாங்க நிறுவனம். டெண்டர் நிபந்தனையில் ஒரு வரி சேர்த்து, கூரைக்குக் கீழே புகை என்று நிரூபணமானால் உரிமம் ரத்து என்று எழுதினால், மறுநாள் என் நண்பன் வாசலில் பலகை மாட்டிவிடுவான். பைபாஸ் பார்க்காரரும் மாட்டிவிடுவார். 200 ரூபாய் அபராதத்துக்குப் பயப்படாதவர்கள் ஏலத் தொகை போய்விடும் என்றால் பயப்படுவார்கள். ஹூக்கா பார்களைத் தடை செய்ய 2022இல் கோட்பாவையே திருத்தி, சிறைத் தண்டனைவரை எழுதிய சட்டமன்றம்தான் நம்முடையது. ஹூக்கா பாருக்குப் போகிற வசதியான வீட்டுப் பிள்ளைகளின் நுரையீரலுக்குக் காட்டிய அக்கறையில் கொஞ்சத்தை டாஸ்மாக் பார் சப்ளையருக்கும் காட்டலாம்.

மத்திய அரசும் அந்த 30 இருக்கை விலக்கை எடுத்துவிட வேண்டும். ஓட்டல், உணவகம், விமான நிலையம் எங்கேயும் புகைக்கென்று தனி இடம் கூடாது, பொது இடத்தில் புகைபிடித்தால் அபராதம் 2,000 ரூபாய்வரை என்று 2020இல் ஒரு திருத்த வரைவே தயாரித்து மக்கள் கருத்தையும் கேட்டார்கள். எழுதி வைத்ததைத்தான் நிறைவேற்றச் சொல்கிறோம்.

இதைப் படிக்கிறவர்களில் பாருக்குப் போகிறவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விதிப்படி அந்தப் பலகைக்குப் பக்கத்தில், புகார் சொல்ல வேண்டியவரின் பெயரையும் எழுதி வைத்திருக்க வேண்டும். அடுத்த தடவை போகும்போது அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கல்லாவில் கேளுங்கள். பில்லுக்குப் பணம் கொடுக்கிற நீங்கள் கேட்டால் முதலாளி பதில் சொல்வார், சப்ளையர் கேட்டால் வேலை போய்விடும்.